உயிரைக் காப்பதைவிடத் தோரா படிப்பது பெரிதென்று தல்மூத் சொல்கிறதா?

நீங்கள் கேட்டிருப்பது இது: “உயிர்களைக் காப்பதைவிடத் தோராவைப் படிப்பது பெரிது” என்று தல்மூத்தில் ஒரு வரி இருப்பதாகப் படித்தீர்கள். (தோரா என்பது மோசேயின் ஐந்து நூல்களும் அவற்றைச் சார்ந்த போதனையும்; தல்மூத் என்பது யூத அறிஞர்களின் சட்ட விவாதங்களும் கதைகளும் அடங்கிய பழைய தொகுப்பு.) ஓர் உயிருக்காக யூதர்கள் ஓய்வுநாளையே மீறலாம் என்ற சட்டத்தையும் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே மதத்தில் எப்படி இருக்க முடியும், ஆற்றில் ஒருவன் மூழ்கும்போது புத்தகத்தை மூடாமல் இருப்பவனையா அந்த மதம் மெச்சுகிறது என்பது உங்கள் சந்தேகம். இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. இந்த நிமிடம் நான் என்ன செய்ய வேண்டும் என்பது ஒன்று. என் வாழ்நாளை எதற்குக் கொடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு யூத மரபு தயக்கமே இல்லாமல் பதில் சொல்லியிருக்கிறது. இரண்டாவதைப் பற்றி அது நெடுங்காலமாகத் தனக்குள் வாதாடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் படித்த வரி அந்த இரண்டாவது வாதத்தைச் சேர்ந்தது. அதைப் பிடுங்கி முதல் கேள்விக்குப் பதிலாக வைக்கும்போதுதான் விபரீதம் தொடங்குகிறது.

நான் யூதன் அல்லன், ரபியும் (யூத மத அறிஞர்) அல்லன். மத ஒப்பியல் கற்பித்தவன். தல்மூத்தின் சில பகுதிகளை அதில் ஊறிய ஆசிரியர்களுடன் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தவன். நூல்களில் என்ன இருக்கிறது, உரைகாரர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று என்னால் சொல்ல முடியும். இன்று ஒரு யூதர் தன் வாழ்வில் என்ன செய்ய வேண்டும் என்று தீர்ப்பளிக்கும் உரிமை எனக்கு இல்லை. உறுதியாகத் தெரிந்ததையும் வாதத்துக்கு உரியதையும் பிரித்தே எழுதுகிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட, தல்மூத்துக்கு அடிப்படையான மிஷ்னா என்ற சட்டநூலில் யோமா என்ற பகுதி இருக்கிறது. பாவ நிவிர்த்தி நாளான யோம் கிப்பூரைப் பற்றியது. அதன் எட்டாம் அத்தியாயம் ஒரு நிலைமையைச் சொல்கிறது: ஓய்வுநாளில் கட்டடம் இடிந்து விழுந்துவிட்டது. உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா, உயிரோடு இருக்கிறாரா இறந்துவிட்டாரா, யூதரா வேற்றினத்தவரா, எதுவும் தெரியாது. இத்தனை சந்தேகங்களோடும் இடிபாடுகளை அகற்றத்தான் வேண்டும் என்கிறது மிஷ்னா. தல்மூத்தின் இரண்டு வடிவங்களில் ஒன்றான எருசலேம் தல்மூத் இன்னும் கடுமையாகப் பேசுகிறது. இத்தகைய வேளையில் விரைந்து செயல்படுகிறவன் பாராட்டுக்கு உரியவன், “செய்யலாமா?” என்று போய்க் கேட்டுக்கொண்டிருப்பவன் இரத்தம் சிந்துகிறவன், அப்படிக் கேட்கும் நிலையில் மக்களை வைத்திருக்கும் அறிஞன் இகழ்ச்சிக்கு உரியவன். முன்கூட்டியே ஊருக்கு இதைக் கற்றுக்கொடுக்காதது அவன் குற்றம் என்பது பொருள். சட்டத்தையே உயிர்மூச்சாகக் கொண்ட ஒரு சமூகம், சட்டம் கேட்டு நிற்பதையே கொலைக்குச் சமமாகச் சொல்லும் இடம் இது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஓர் எல்லையையும் மறைக்கக் கூடாது. யூதரா வேற்றினத்தவரா என்ற சந்தேகத்தை மிஷ்னா குறிப்பிடுவதே, பழைய சட்டத்தில் அந்த வேறுபாடு இருந்ததற்குச் சான்று. வேற்றினத்தவர் என்று உறுதியாகத் தெரிந்தவருக்காக ஓய்வுநாளை மீறலாமா என்பதில் பிற்கால அறிஞர்கள் பலவாறு எழுதினார்கள். புரோவான்ஸில் வாழ்ந்த மேயிரி போன்றவர்கள் எல்லையைக் கொள்கை அளவிலேயே விரித்தார்கள். வேறு சிலர் பகை வளரக் கூடாது என்ற காரணத்தைச் சொல்லி அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இன்று நடைமுறையில் யூத மருத்துவர் எல்லா நோயாளிகளையும் ஓய்வுநாளிலும் பார்க்கிறார்.

இந்தச் சட்டத்துக்கு வேதத்தில் ஆதாரம் என்ன என்று மற்றொரு வடிவமான பாபிலோனியத் தல்மூத் நீண்ட விசாரணை நடத்துகிறது. ரபி இஸ்மவேல், ரபி அகிவா, ரபி எலெயாசார் பென் அசரியா மூவரும் வழியில் நடந்து போகும்போது இந்தக் கேள்வி எழுகிறது. ஆளுக்கொரு ஆதாரம் சொல்கிறார்கள். பிற்காலத்தில் பாபிலோனைச் சேர்ந்த சாமுவேல் லேவியராகமத்தின் 18-ஆம் அத்தியாயத்தை எடுக்கிறார்: கட்டளைகளின்படி நடக்கிறவன் அவற்றால் பிழைப்பான் என்று அங்கே இருக்கிறது, பிழைக்கத்தான் கட்டளை, சாக அன்று. மற்ற ஆதாரங்கள் எல்லாவற்றையும் மறுக்கலாம், சாமுவேலுடையதை மறுக்க முடியாது என்று ராவா என்ற அறிஞர் முடித்துவைக்கிறார். மற்றவை ஆபத்து நிச்சயமாக இருக்கும்போது மட்டுமே பொருந்தும், சாமுவேலின் வாதமோ சந்தேகமான ஆபத்துக்கும் இடம் கொடுக்கிறது என்பதுதான் காரணம். இதற்கு முன் என்ன நடந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அந்தியோகஸ் அரசனின் படை ஓய்வுநாளில் தாக்கியபோது, எதிர்த்துக் கல்லெறியக்கூட மறுத்து ஏறத்தாழ ஆயிரம் பேர் குடும்பம் குடும்பமாக மடிந்ததாக மக்கபேயர் முதல் நூல் சொல்கிறது. மத்ததியாவும் அவர் கூட்டத்தாரும் அன்று, இனி ஓய்வுநாளிலும் போரிடுவோம் என்று முடிவெடுத்தார்கள்.

எந்தெந்தக் கட்டளைகளுக்காக உயிரையே விட வேண்டும் என்பதையும் தல்மூத் வரையறுத்திருக்கிறது. சிலை வழிபாடு, முறைகேடான உறவு, கொலை ஆகிய மூன்று மட்டும். தோராப் படிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. ஆபத்தில் இருப்பவரைக் காப்பது வெறும் அனுமதியும் இல்லை, கடமை. ஆற்றில் மூழ்குகிறவனையோ, மிருகம் இழுத்துச் செல்கிறவனையோ, கொள்ளையர் சூழ்ந்தவனையோ கண்டால் காப்பாற்றியே ஆக வேண்டும் என்று தல்மூத்தின் சன்ஹெத்ரின் பகுதி சொல்கிறது. அயலானின் இரத்தத்துக்கு எதிரே சும்மா நிற்காதே என்ற லேவியராகமக் கட்டளையே அதற்கு ஆதாரம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் யூத சட்ட அறிஞரும் மருத்துவருமான மைமோனிடிஸ் தம் சட்டத் தொகுப்பில், ஓய்வுநாளில் நோயாளிக்காக வேலை செய்யும்போது அதைச் சிறுவர்களிடமோ வேற்றினத்தவரிடமோ தள்ளிவிடக் கூடாது, சமூகத்தின் பெரியவர்களும் அறிஞர்களுமே செய்ய வேண்டும் என்று எழுதினார். தோராவின் சட்டங்கள் உலகத்தைப் பழிவாங்க வந்தவை அல்ல, இரக்கமும் அன்பும் சமாதானமும் தர வந்தவை என்ற அவருடைய புகழ்பெற்ற கூற்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

இனி நீங்கள் படித்த வரி. அது தல்மூத்தின் மெகில்லா பகுதியில், எஸ்தர் கதையின் முடிவைப் பேசும் இடத்தில் வருகிறது. எஸ்தர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்: பாரசீகப் பேரரசில் யூதர்கள் அனைவரையும் ஒரே நாளில் கொல்ல ஆமான் சூழ்ச்சி செய்கிறான், எஸ்தரும் அவளை வளர்த்த மொர்தெகாயும் அதை முறியடிக்கிறார்கள். ஒரு முழு இனம் பிழைத்தது. நூலின் கடைசி வசனம், மொர்தெகாய் தன் சகோதரரில் திரளானவர்களுக்குப் பிரியமாயிருந்தான் என்று முடிகிறது. திரளானவர்களுக்கு என்றால் எல்லாருக்கும் இல்லையே என்று தல்மூத் பிடித்துக்கொள்கிறது. சன்ஹெத்ரின் என்ற யூத உயர் சபையில் சிலர் அவரைவிட்டு விலகிவிட்டார்களாம். தொடர்ந்து ரவ் யோசேப் சொல்கிறார்: உயிர்களைக் காப்பதைவிடத் தோராப் படிப்பு பெரிது. அவர் காட்டும் ஆதாரம் இரண்டு பெயர்ப் பட்டியல்கள். செருபாபேலுடன் நாடு திரும்பியவர்களின் பெயர்கள் எஸ்றாவின் இரண்டாம் அத்தியாயத்திலும், மறுபடியும் நெகேமியாவின் ஏழாம் அத்தியாயத்திலும் இருக்கின்றன. முதல் பட்டியலில் மொர்தெகாய்க்கு முன்னால் நான்கு பேர், இரண்டாவதில் ஐந்து பேர். ஒரு படி இறங்கிவிட்டார். இடையில் அவர் செய்தது ஓர் இனத்தைக் காப்பாற்றியது மட்டுமே.

வரலாற்று ஆய்வாளர்களுக்கு இந்த ஆதாரம் நிற்காது. இரண்டு பட்டியல்களிலும் வேறு பெயர்களும் மாறியிருக்கின்றன. பட்டியலில் உள்ள மொர்தெகாய் எஸ்தர் கதையின் மொர்தெகாய்தானா என்பதே ஐயம். ஆனால் தல்மூத் இங்கே வரலாறு எழுதவில்லை. மதிப்பைப் பற்றிப் பேசுகிறது. சேர்ந்தாற்போலவே, ஆலயத்தைக் கட்டுவதைவிடப் படிப்பு பெரிது, தாய் தந்தையரைப் போற்றுவதைவிடப் படிப்பு பெரிது என்ற வரிகளும் வருகின்றன. பாருக் உயிரோடு இருந்தவரை எஸ்றா அவரிடம் படிப்பதை விட்டு ஆலயம் கட்டப் போகவில்லை. ஏபேரின் வீட்டில் படித்த ஆண்டுகளுக்காக யாக்கோபு பெற்றோரைப் பிரிந்த குற்றத்துக்கு ஆளாகவில்லை. மூன்று வரிகளையும் சேர்த்துப் படித்தால் இது சட்டம் வகுக்கும் இடம் இல்லை என்பது தெளிவாகும்.

சட்ட அறிஞர்கள் இந்த வரியை எப்படிக் கையாண்டார்கள் என்பதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த ஷுல்ஹான் ஆருக் என்ற யூத சட்டத் தொகுப்பில், தான தர்மங்களைப் பற்றிய பிரிவில் ஒரு வழக்கு வருகிறது. தோராக் கல்விக்காக ஊரார் திரட்டிய பணம் இருக்கிறது. அந்தப் பகுதியை ஆளும் பிரபுவுக்குக் கட்ட வேண்டிய தொகைக்குப் பணம் இல்லை. கட்டாவிட்டால் கொடுக்க வழியற்ற ஏழைகள் அடிபடுவார்கள். கல்விப் பணத்தை எடுத்துக் கட்டலாம், அது உயிரைக் காக்கும் செயல் என்பது தீர்ப்பு. பதினேழாம் நூற்றாண்டில் போலந்தில் வாழ்ந்த ரபி தாவீது ஹலேவி சேகால் இதற்கு உரை எழுதும்போது நீங்கள் கேட்ட அதே கேள்வியைக் கேட்கிறார்: மெகில்லாவில் படிப்பு பெரிது என்று இருக்கிறதே? அவரே சொல்லும் பதில்: உயிர் ஆபத்துக்கு எதிரே எதுவும் நிற்காது, அதில் சந்தேகமே இல்லை. மெகில்லா சொல்வது, ஆபத்து எதுவும் குறுக்கிடாமல் படிப்பில் ஆழ்ந்திருக்கும் பேறு கிடைத்தவனின் நிலை, அதை விட்டு எழுந்து காப்பாற்றப் போக நேர்ந்தவனின் நிலையைவிட உயர்ந்தது என்பதைத்தான். எழுந்து போகாதவனைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை இந்த விளக்கத்தோடு வழக்கு முடிந்தது. ஆனால் மெகில்லாவின் வரியில் உள்ள கசப்பு முழுவதையும் அது தீர்த்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஆமான் எதிரே நின்றபோது மொர்தெகாய் எழுந்து போயே ஆக வேண்டும். பிறகு ஏன் சபையினர் விலகினார்கள்? தல்மூத்தின் புகழ்பெற்ற உரைகாரரான ராஷி தம் உரையில், அவர் தோராவின் சொற்களை விட்டுவிட்டு அதிகாரத்துக்குள் நுழைந்துவிட்டார் என்று காரணம் சொல்கிறார். இதை வைத்து நான் புரிந்துகொள்வது: ஆபத்து நீங்கியபின் மொர்தெகாய் அரசனுக்கு அடுத்த இடத்திலேயே தங்கிவிட்டார். அவசரத்துக்காக ஏற்ற வேலை அவருடைய வாழ்வாகிவிட்டது. அதைத்தான் சபையில் சிலர் இழப்பாகக் கண்டார்கள். எல்லாரும் அப்படிக் காணவில்லை என்பதும் வசனத்திலேயே இருக்கிறது, பெரும்பாலோர் அவரோடுதான் நின்றார்கள். இது என் வாசிப்பு, மறுப்பவர்கள் உண்டு. மொர்தெகாய் தம் மக்களைக் காக்க எழுந்து போனது தவறு என்று தல்மூத் சொல்லவில்லை என்பது மட்டும் வாதத்துக்கு அப்பாற்பட்டது.

வாழ்நாளை எதற்குக் கொடுப்பது என்ற கேள்வியில் எதிர்க்குரல்களும் அதே தல்மூத்தில் பலமாக இருக்கின்றன. லோத் நகரில் நித்சா என்பவரின் வீட்டு மாடியறையில் அறிஞர்கள் கூடியிருந்தபோது, படிப்பு பெரிதா செயல் பெரிதா என்ற கேள்வி வந்தது. செயல் என்றார் ரபி தர்ஃபோன். படிப்பு என்றார் ரபி அகிவா. படிப்பே பெரிது, ஏனெனில் அது செயலுக்கு இட்டுச் செல்கிறது என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். யாருக்கு வெற்றி என்று சொல்வது கடினமான முடிவு. எந்த மூன்று கட்டளைகளுக்காக மட்டும் உயிர் விட வேண்டும் என்று வாக்கெடுத்து முடிவு செய்ததும் இதே மாடியறையில்தான் என்று சன்ஹெத்ரின் பகுதி சொல்கிறது. ஒரே அறையிலிருந்து வந்த அந்த இரண்டு தீர்மானங்களையும் சேர்த்துப் படிக்காதவர்கள் யூத மரபைப் பாதிதான் படிக்கிறார்கள் என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

ரோமர்கள் தோரா கற்பிப்பதைத் தடைசெய்த காலத்தில் ரபி ஹனினா பென் தெரதியோனும் ரபி எலெயாசார் பென் பெர்தாவும் கைதானார்கள். ஹனினா தம் தோழரிடம், உம்மீது ஐந்து குற்றச்சாட்டுகள், ஆனாலும் நீர் தப்புவீர். என்மீது ஒன்றுதான், நான் தப்பமாட்டேன், ஏனென்றால் நீர் தோராவிலும் பிறருக்குச் செய்யும் உதவியிலும் ஈடுபட்டீர், நானோ தோராவில் மட்டும் ஈடுபட்டேன் என்றார். அப்படியே நடந்தது. தோராவில் மட்டும் ஈடுபடுகிறவன் கடவுள் இல்லாதவனைப் போன்றவன் என்று ரவ் ஹூனா சொன்னதை தல்மூத் அங்கேயே வைக்கிறது. தோராவுக்காக எரிக்கப்பட்ட தியாகியின் வாயிலேயே இந்தக் குறையைச் சொல்லவைக்கும் துணிவு எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது.

எனக்கு எல்லாவற்றிலும் நெருக்கமானது தானித் பகுதியில் வரும் அப்பா என்பவரின் கதை. அவர் இரத்தம் குத்தி எடுத்துச் சிகிச்சை செய்பவர். அறிஞர் இல்லை. ஆனால் விண்ணுலகக் கல்விச் சபையிலிருந்து அவருக்குத் தினமும் வாழ்த்து வருகிறது. தம் தலைமுறையின் தலைசிறந்த அறிஞரான அபாயேவுக்கு ஓய்வுநாளுக்கு முந்தைய மாலையில் மட்டும் வருகிறது. ராவாவுக்கோ ஆண்டுக்கு ஒருமுறை, யோம் கிப்பூருக்கு முந்தைய நாளில். அபாயே மனம் வாடினார். அவர் செய்வதை உன்னால் செய்ய முடியாது என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அப்படி என்னதான் செய்தார்? ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே வைத்துச் சிகிச்சை செய்தார். பெண்களின் உடல் வெளியே தெரியாதபடி தனி ஆடை வைத்திருந்தார். கட்டணம் போடும் பெட்டியை வெளியே, கண்ணில் படாத இடத்தில் வைத்தார். இருப்பவர் போடுவார், இல்லாதவர் கூச்சமில்லாமல் உள்ளே வந்து உட்காரலாம். இளம் தோரா மாணவர் வந்தால் சிகிச்சை முடிந்தபின் கையில் காசு கொடுத்து, போய் உடம்பைத் தேற்றிக்கொள் என்று அனுப்பினார். இந்தக் கதையைப் பாதுகாத்து எழுதிவைத்தவர்கள் படிப்பையே தொழிலாகக் கொண்டவர்கள்.

இரண்டு கடமைகள் மோதும்போது என்ன செய்வது என்பதற்கு மைமோனிடிஸ் தரும் பொது விதி எளியது. நீ படித்துக்கொண்டிருக்கிறாய், ஒரு நற்செயல் எதிரே வருகிறது. வேறொருவர் அதைச் செய்ய முடியுமானால் படிப்பை நிறுத்தாதே. முடியாதென்றால் எழுந்து போய்ச் செய்துவிட்டு, திரும்பி வந்து படி. மருத்துவத்துக்கு வரும்போது மட்டும் ஷுல்ஹான் ஆருக் இந்த விதியிலிருந்து விலகுகிறது. நோயாளியைக் குணப்படுத்த மறுக்கும் மருத்துவர் இரத்தம் சிந்துகிறவர், வேறு மருத்துவர் இருந்தாலும் அப்படித்தான் என்கிறது. ஏனெனில் எல்லாரிடமும் எல்லாருக்கும் குணமாகும் பேறு அமைவதில்லை. வேறொருவர் இருக்கிறார் என்ற சாக்கு மருத்துவரிடம் செல்லாது.

மைமோனிடிஸ் இதை வாழ்ந்தும் காட்டினார். இளமையில் அவருடைய படிப்புக்கு ஆதாரமாக இருந்தவர் வணிகம் செய்த தம்பி தாவீது. அவர் இந்தியாவுக்கு வரும் வழியில் இந்தியப் பெருங்கடலில் மூழ்கி இறந்தார். அந்தத் துயரில் மைமோனிடிஸ் ஏறத்தாழ ஓராண்டு படுக்கையில் கிடந்தார். அதன்பிறகே மருத்துவம் அவருக்குப் பிழைப்பாயிற்று. 1199-இல் தம் மொழிபெயர்ப்பாளர் சாமுவேல் இப்ன் திப்போனுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு நாளை விவரிக்கிறார். காலையில் தாம் வாழ்ந்த ஃபுஸ்தாத்திலிருந்து எகிப்தின் கெய்ரோ அரண்மனைக்குப் போகிறார். பசியோடு வீடு திரும்பினால் முன்கூடம் முழுக்க யூதரும் மற்றவரும் காத்திருக்கிறார்கள். கொஞ்சம் சாப்பிட்டுக்கொள்ள அவர்களிடம் அவகாசம் கேட்கிறார், நாள் முழுவதற்கும் அந்த ஒரு வேளைதான். இரவு வரை வைத்தியம், கடைசியில் அயர்ச்சியால் படுத்துக்கொண்டே பேசுகிறார். ஓய்வுநாளில் மட்டும் சபையார் வந்து அவரோடு கொஞ்சம் படிக்கிறார்கள். யூத மரபின் மிகப் பெரிய சட்ட அறிஞர் ஒருவருக்குப் படிக்கக் கிடைத்த நேரம் அவ்வளவுதான்.

அப்படியென்றால் ஒவ்வொரு மாணவரும் கல்விக்கூடத்தை விட்டு மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டுமா? இங்கே சட்டம் நிதானிக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் நியூயார்க்கில் வாழ்ந்த ரபி மோஷே ஃபைன்ஸ்டைன், உயிர்களைக் காக்க வேண்டும் என்பதற்காக ஒருவர் மருத்துவம் படித்தே ஆக வேண்டும் என்ற கடமை இல்லை என்று தீர்ப்பளித்தார். காக்கும் திறன் ஏற்கெனவே உள்ளவருக்குத்தான் காக்கும் கடமை. இது சரியான கோடு என்று எண்ணுகிறேன். ஆபத்தின் சட்டத்தை வாழ்க்கை முழுவதற்கும் நீட்டினால் ஆசிரியரும் இசைக் கலைஞரும் தச்சரும் ஒவ்வொரு நாளும் குற்றவாளிகளாவார்கள்.

வரலாற்றில் மோதல் நேரடியாக வந்த தருணங்களில் ஒன்று 1848-இல் வில்னாவைத் தாக்கிய காலரா. ரபி இஸ்ரவேல் சாலந்தர் நிவாரணப் பணியில் முன்நின்றதும், யோம் கிப்பூர் அன்று உடல்நலத்துக்காக உண்ண அனுமதி தந்ததும் பல வழிகளில் பதிவாகியிருக்கின்றன. தொழுகைக்கூட மேடையில் ஏறி எல்லாரும் பார்க்கத் தாமே சாப்பிட்டார் என்ற பகுதி, பல பதிற்றாண்டுகளுக்குப் பிறகு ஒன்றுக்கொன்று மாறுபட்ட வடிவங்களில் எழுதப்பட்டது. அதை நடந்த செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2020 மார்ச்சில் நடந்ததற்கு ஐயம் இல்லை, அது உலகத்தின் கண்முன் நடந்தது. கொரோனா பரவத் தொடங்கியபோது, இஸ்ரேலின் ப்னே ப்ராக் நகரில் வாழ்ந்த, ஹரேதி என்ற தீவிர வைதிக யூத சமூகத்தின் முதுபெரும் அறிஞரான ரபி ஹயீம் கனியெவ்ஸ்கி, கல்விக்கூடங்களை மூடக் கூடாது என்றார். படிப்பு நின்றால்தான் பெரிய ஆபத்து என்பது அவர் கருத்து. அதே மாத இறுதிக்குள், வீட்டில் தனியே தொழுங்கள், சுகாதார விதிகளை மீறுகிறவர் பிறரைக் கொல்லத் துரத்துகிறவருக்குச் சமம் என்று அவரே அறிவித்தார். இடைப்பட்ட நாள்களில் அந்த நகரம் நோயின் மையங்களில் ஒன்றாகியிருந்தது. முதல் நிலைப்பாட்டுக்கு அவரிடம் நூலாதாரம் இல்லாமலில்லை: தோரா காக்கிறது, மீட்கிறது என்று தல்மூத்தின் சோதா பகுதியில் இருக்கிறது. ஆனால் அவரையும் இறுதியில் ஆண்டது இடிந்த கட்டடத்தின் சட்டம்தான். அந்த இரண்டு வாரங்கள் தாமதமானவை என்பது என் கருத்து. அந்தத் தாமதத்துக்கு மெகில்லாவின் வரியைத் தவறான இடத்தில் வைத்ததும் ஒரு காரணம்.

இன்று இந்தக் கேள்வி மிகக் கடுமையாக எரிவது இஸ்ரேலின் ராணுவச் சேவையில். 1948-இல் நாட்டின் முதல் பிரதமர் பென் குரியோன், யெஷிவா எனப்படும் தோராக் கல்விக்கூடங்களின் சுமார் 400 மாணவர்களுக்குச் சேவையிலிருந்து விலக்குத் தந்தார். லித்துவேனியாவிலும் போலந்திலும் இருந்த பெரும் கல்விக்கூடங்கள் இனப்படுகொலையில் அழிந்து, மிஞ்சிய சிலர் மட்டுமே இருந்த நேரம் அது. 1977-இல் பிரதமர் பெகினின் அரசு எண்ணிக்கை வரம்பை நீக்கியது. விலக்கை முறைப்படுத்திய சட்டங்களை உச்ச நீதிமன்றம் 2012-இலும் 2017-இலும் செல்லாதவையாக்கியது. 2024 ஜூனில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, இனி விலக்குக்குச் சட்ட ஆதாரமே இல்லை என்றார்கள். அப்போது கேள்விக்குள்ளானவர்கள் ஏறத்தாழ 63,000 பேர். விலக்கை ஆதரிப்பவர்கள், அறிஞர்களுக்கு மதில் காவல் தேவையில்லை என்று நகர மதில் வரியிலிருந்து விலக்கிய பழைய தீர்ப்பையும், போருக்குப் போகாத லேவி கோத்திரத்தைப் பற்றி மைமோனிடிஸ் எழுதியதையும் காட்டுகிறார்கள். எதிர்ப்பவர்கள், தற்காப்புப் போரில் மணவறையிலிருந்து மணமகனும் புறப்பட வேண்டும் என்ற மிஷ்னாவையும், “உங்கள் சகோதரர் யுத்தத்திற்குப் போகையில், நீங்கள் இங்கே இருப்பீர்களோ?” என்று எண்ணாகமத்தில் மோசே கேட்பதையும் காட்டுகிறார்கள். மதப்பற்றுள்ள யூதர்களிலேயே ஒரு பெரும்பகுதி, படிப்பையும் ராணுவச் சேவையையும் இணைக்கும் ஹெஸ்தேர் கல்விக்கூடங்களை 1950-களிலிருந்து நடத்திவருகிறது.

ஹரேதிகளின் வாதத்தை வெளியார் பலர் கேலியாகப் பார்க்கிறார்கள். அது நியாயமில்லை. உயிரைவிடப் படிப்பு பெரிது என்று அவர்கள் சொல்வதில்லை. படிப்பே தேசத்தின் உயிரைக் காக்கிறது என்று மனப்பூர்வமாக நம்புகிறார்கள். ஆனால் அவர்கள் காட்டும் மைமோனிடிஸே வேறோர் இடத்தில், காயத்தின்மீது தோரா வசனத்தை ஓதிக் குணமாக்க முயல்கிறவர்களை வன்மையாகக் கண்டிக்கிறார். தோரா ஆன்மாவின் மருந்து, அதை உடலின் மருந்தாக்குகிறார்கள் என்பது அவர் கோபம். நலமாக இருப்பவர் அந்தப் புண்ணியம் தன்னைக் காக்கட்டும் என்று ஓதுவதை அவர் அனுமதிக்கிறார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். படிப்பின் புண்ணியத்தை நம்பலாம். காயத்துக்குக் கட்டுப் போடும் வேலையை அதனிடம் விட்டுவிடக் கூடாது என்று நான் இதைப் படிக்கிறேன். ஒரு நாட்டின் பாதுகாப்பு முழுவதும் காயத்தின் நிலையில் இருக்கிறதா, அல்லது வேறொருவர் செய்யக்கூடிய கடமையின் நிலையில் இருக்கிறதா என்பதில்தான் வழக்கே இருக்கிறது. அதைத் தீர்க்கும் வரி எந்த நூலிலும் இல்லை.

தனி உயிர் என்று வரும்போது ஹரேதிகளிடமே எந்தத் தயக்கமும் இல்லை. 1960-களின் இறுதியில் புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க்கில் ஹரேதிகளில் ஒரு பிரிவினரான ஹசிதிய யூதர்கள் ஹத்ஸாலா என்ற தன்னார்வ அவசர மருத்துவ அமைப்பைத் தொடங்கினார்கள். இன்று பல நாடுகளில் அதே பெயரில் அமைப்புகள் இருக்கின்றன. அழைப்பு வந்தால் தொண்டர் தல்மூத்தைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடுகிறார், ஓய்வுநாளிலும் வண்டி ஓட்டுகிறார். நோயாளியை மருத்துவமனையில் சேர்த்தபின் அதே ஓய்வுநாளில் அவர் வண்டியிலேயே வீடு திரும்பலாமா என்று ஒரு கேள்வி எழுந்தது. திரும்பலாம், இல்லையென்றால் அடுத்த முறை போகத் தயங்குவார் என்று ரபி ஃபைன்ஸ்டைன் தீர்ப்பளித்தார். எருசலேமில் ரபி ஷ்லோமோ சல்மான் அவெர்பாக் அதை ஏற்கவில்லை. இருவரும் திரும்பி வருவதைப் பற்றித்தான் வாதாடினார்கள்; புறப்பட்டுப் போவதைப் பற்றி அவர்களிடையே விவாதிக்க எதுவும் இருக்கவில்லை.